உடையாத போனும் உறையாத போனும்

கல்யாணப் பேச்சு நடந்த அன்று வரவேற்பறையில் இருந்தவர்கள் பெண்ணின் அப்பா, அம்மா, பெண், அவளுடைய தாய்மாமன், பிள்ளை, பிள்ளையின் அம்மா. இவ்வளவு பேர்தான். தானும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரியும் எதிர்வீட்டுக்காரர் வாசல்படியைக்கூட மிதிக்கவில்லை.

பெண்ணின் அப்பாவுக்குத் தொழில் போன்களைக் கீழே போடுவது. பேர் பெற்றதொரு போன் நிறுவனத்தில் அந்தச் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் அவர். புது மாடல் எதுவானாலும் அவர் கையிலிருந்து விழுந்து எழுந்த பிறகுதான் கடைக்குப் போகும். "எறியறது வேற, விடறது வேற. எறியறவன் கோபக்காரன். விடறவன் உத்தியோகஸ்தன்" என்பார். அந்த வீட்டில் அதை மறுத்துப் பேசியவர் கிடையாது.

மகள் விரும்பிய பிள்ளையோ போட்டி நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். அவன் எழுதியதைச் சோதிப்பவர் அவனைப் பெற்ற அம்மாவேதான். மகன் என்று பாராமல் பிழை பிடிக்கிற பெண்மணி. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். சரி என்றால் காலமெல்லாம் மல்லுக்கு நின்ற நிறுவனத்தின் முன்னால் தலை குனிந்ததாகிவிடும். முடியாது என்றால் மகள் கைவிட்டுப் போய்விடுவாள். குனியாமலும் இழக்காமலும் ஒரு வழி உண்டா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. விடாமல் அடித்தது.

கதவைத் திறந்தால், மகனைப் பின்னால் நிறுத்திவிட்டு, பிள்ளையின் அம்மா முழங்கையால் மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ஹேங் ஆகுதான்னு பார்த்தேன். ஆகலை. நல்ல மணி."

"எங்க வீட்டுல எதுவும் நின்னு போகாதும்மா" என்றார் அப்பா விறைப்பாக. உட்காரச் சொல்லும் முன், அந்த அம்மாளுக்கான நாற்காலியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஒருமுறை விட்டுப் பார்த்தார். கால் ஒன்றும் ஆடவில்லை. "இப்ப உட்காருங்க."

"மச்சான், வந்தவங்களையும் தூக்கி விட்டுப் பார்த்துடாதீங்க" என்றார் தாய்மாமன்.

காபி வந்தது. பேச்சு கல்யாணத்தில் தொடங்கி நேரே போனுக்குப் போய்விட்டது.

"உங்க போன் இரும்புக்கட்டிதான், ஒத்துக்கறேன்" என்றார் அந்த அம்மாள். "ஆனா உள்ளே புத்தி வேணுமில்ல?"

"புத்தி இருந்து என்ன செய்யறது? உங்க போன் கை தவறினா அப்பளமா நொறுங்குதே!"

"அப்பா..." என்றாள் மகள்.

"இரும்மா. நான் கேக்கறது நியாயம். அவங்க போனை நான் விடறேன். நம்ம போனை அவங்க அமுக்கட்டும். ரெண்டும் தாங்கினா இந்தச் சம்பந்தம். தாங்கலைன்னா காபியோட சரி."

பிள்ளைக்கு முகம் வெளிறியது. மகள் அவனை முறைத்தாள். பெரியவர்கள் இருவரும் வாளை மாற்றிக்கொள்வதுபோல் போன்களை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் அலாரத்தை அடிக்கவிட்டார். அது அடிக்கும்போதே கேமராவைத் திறந்தார், மொழியை மாற்றினார், மறுபடி மாற்றினார், யாரும் அமுக்க நினைக்காத இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். திரை அப்படியே நின்றது. அலாரம் மட்டும் நிற்கவில்லை.

அதே நேரம் அப்பா அவர்களுடைய போனை நிதானமாக விட்டார். கண்ணாடி சிதறியது. சிதறிய கண்ணாடிக்குள்ளிருந்து பணிவான குரல் வந்தது: "நீங்கள் பலமாக விழுந்துவிட்டீர்கள். பதில் இல்லாததால் ஆம்புலன்ஸை அழைக்கிறேன்."

"இது என்னடா?" என்றார் அப்பா.

"நான் எழுதினதுதான் மாமா" என்றான் பிள்ளை, பெருமையை மறைக்க முடியாமல். "ஆள் விழுந்தா அதுவே கூப்பிடும். ஆள் விழாம போன் மட்டும் தனியா விழும்னு... யோசிக்கலை."

"போன் கம்பெனியிலயா யோசிக்கலை?"

அந்த அம்மாள் மகனைப் பார்த்த பார்வையில் அவன் பாதியானான். "இது எப்படிடா என் கண்ணுக்குத் தப்பிச்சது?"

அலாரம் காதைக் கிழித்தது. அணைக்க வழியில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாதபடி தண்ணீரும் தூசியும் புகாமல் மூடிய போன் அது. அப்பா அதைக் கல்லில் விட்டார். பால்கனியிலிருந்து விட்டார். கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக, எறிந்தார். தாய்மாமன் சுத்தியலால் அடித்ததில் சுத்தியலின் பிடி கழன்றது. வாளித் தண்ணீரில் முக்கியபோது குமிழி குமிழியாக அடித்தது.

"ஒரு கீறல்கூட இல்லை பாருங்க!" என்றார் அப்பா. அப்படிச் சொன்னபோது அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சருடன் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"விழுந்தது யாரு?"

எல்லோரும் தரையில் சிதறிக் கிடந்த போனைப் பார்த்தார்கள். வாளி மட்டும் கதறியது.

"யாரும் இல்லைன்னா பொய்த் தகவல்னு இந்த விலாசத்தைக் குறிச்சுக்குவோம் சார்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. அவருடைய தாத்தா காலம் முதல் அந்த வீட்டிலிருந்து ஒரு பொய் வெளியே போனதில்லை. அழைத்தது எதிரியின் போன்தான். ஆனாலும் விலாசம் இவருடையது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஸ்ட்ரெச்சரில் போய் நேராகப் படுத்தார்.

"என்னங்க இது!" என்றாள் மனைவி.

"குடும்பப் பேரு, சும்மா இரு."

"கூட ஒருத்தர் வரணும்" என்றார் ஆம்புலன்ஸ்காரர். மனைவி செருப்பைத் தேடிப் போனாள். அதற்குள் பிள்ளையின் அம்மா வாளியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?"

அந்த அம்மாள் படுத்திருந்தவரைப் பார்த்தார். தன் மகன் செய்த பிழைக்காக முதுகை வளைக்காமல் படுத்திருக்கிற மனிதர்.

"சம்பந்தி" என்றார்.

ஆம்புலன்ஸ்காரர் கீழே குனிந்து, "அப்படியா சார்?" என்றார்.

அப்பா கூரையைப் பார்த்தார். வாசலில் மகள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு போன் உடைந்து பேசியது, இன்னொன்று உடையாமல் கத்தியது. இதில் யார் வென்றது, யார் குனிந்தது என்று சொல்ல எவனாலும் முடியாது.

"ஆமாய்யா, சம்பந்திதான். வண்டியை எடு."

மகள் கைதட்டிச் சிரித்தாள். வாளி கத்திய கத்தலில் சைரன் போடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை யார் என்று கேள்விப்பட்டதும் பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸில் தூக்கிப்போனார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறார். அது பொய். அவர் விழவில்லை. படுத்தார்.