காலிக் கண்ணாடி

அம்மாக்கண்ணு புருஷனைக் கைத்தாங்கலாக லேபுக்குள் கூட்டிவந்தபோது காலை மணி பத்து. பேர் கேட்டேன். வாயால் சொல்லாமல் ஆதார் கார்டை நீட்டினாள். அர்ச்சுனன், முப்பத்திரண்டு வயது. மங்களூரில் கட்டட வேலை முடித்து மலைக்குத் திரும்பியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்ஜுரம். மலேரியாவோ என்று பயந்தேன். கவனிக்காமல் விட்டால் மூளைக்கு ஏறிவிடும்.

போன மாதம்தான் எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் பார்க்கும் ஒரு புதுப் பெட்டி வந்தது. லென்ஸ் கிடையாது. ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டில் லேசர் பட்டு வட்டம் வட்டமாக நிழல் விழும். ஹோலோகிராம் என்கிற அந்த நிழல்படத்திலிருந்து கம்ப்யூட்டரே ரத்த அணுக்களை வரைந்து தந்துவிடும். சாயம் ஏற்ற வேண்டாம், மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கப் பார்க்க வேண்டாம். நானும் சொகுசுக்குப் பழகிவிட்டேன். அர்ச்சுனனின் அணுக்கள் உருண்டை உருண்டையாக, அத்தனை அழகாக வந்தன. கிருமி ஒன்றுகூட இல்லை. சாதா ஜுரம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தோம்.

சாயம் படாத கண்ணாடியைக் கழுவி மறுபடி எடுத்துக்கொள்வது என் கெட்ட பழக்கம். மூன்று மணிக்கு அடுத்த ஆளின் கண்ணாடி என்று ஒன்றை அவசரத்தில் பெட்டிக்குள் வைத்தேன். படத்தில் அணுக்கள் வந்தன, குறை ஒன்றும் இல்லை. வெளியே எடுத்தால் அதில் ரத்தமே இல்லை. கழுவிக் காயவைத்தது. ஓரத்தில் நான் எழுதிய 'அர்ச்சுனன்' பாதி அழிந்திருந்தது.

காலையில் எடுத்த அர்ச்சுனனின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இடது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த அதே மூன்று அணுக்கள் இரண்டு படத்திலும் இருந்தன.

பெட்டியை மாட்டிவிட்டுப் போன சிவசங்கருக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை.

"நெழலு தெளிவா இல்லன்னா, முன்ன பாத்த படங்கள்ல கத்துக்கினத வெச்சி அதுவே ரொப்பிடும் மேடம். காலியா வெக்காதீங்க, அவ்ளோதான்."

காலையில் நான் காலியாக வைக்கவில்லை; அர்ச்சுனனின் ரத்தத்துக்கும் அது தானாகத்தான் ரொப்பியிருக்கிறது. அம்மாக்கண்ணுவின் நம்பருக்கு ஐந்தாவது தடவைதான் டவர் கிடைத்தது.

"நல்லா தூங்கறாரு மேடம். நீங்க குடுத்த மாத்திரதான்," என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

"எழுப்பிப் பாருங்க."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் போனது கேட்டது. "இன்னாங்க... எய்ந்திருங்க..." முதலில் மெதுவாக, பிறகு உலுக்கி உலுக்கி. அப்புறம், காலையில் வாயால் சொல்லாத அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

என் எதிரே திரையில் அந்த மூன்று அணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தன.