ஆளுக்கொரு பறி

பழவேற்காட்டு ஏரிக்கரையில் யார் எந்தச் சொல்லை மறந்தாலும் அது ஓர் இறாலுக்குள் போய்விடும். தண்ணீரைவிட்டு எடுத்ததும் இறால் அதை ஒரே ஒரு தடவை, மறந்தவரின் குரலிலேயே சொல்லிவிட்டு அடங்கும். உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரரின் கோட்டையில் கொடி பறந்த காலத்தில் இது ஊரறிந்த சங்கதி. பேசுகிற இறால் என்பதற்காகச் சந்தையில் விலை கூடவுமில்லை, குறையவுமில்லை. இத்தனை பேர் ஏன் மறக்கிறார்கள் என்று கேட்டவள் காட்டூர் தெய்வநாயகி ஒருத்திதான்.

நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள், சம்பந்தம் வைத்தியரின் ஒரே மகள். தகப்பனாரிடம் வைத்தியம் கற்று, புருஷன் போனபிறகு ஏரிக்கரைக்கே வந்து குடியேறினாள். கையால் இறால் தடவுகிறவர்களுக்குத்தான் மறதி அதிகம் என்று தெரிந்ததும், கரையில் நின்று பார்த்தால் என்ன விளங்கும் என்று, இறால் தடவும் நாகம்மாளோடு இடுப்பளவு நீரில் இறங்கிவிட்டாள். அங்கே இரண்டு கையும் சேற்றைத் துழாவும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி கழுத்துக்குக் கீழே தொங்கும், அதன் கயிறு பல்லில் இருக்கும். இருவருக்கு ஒரு பறி. தாடை வலித்தால் ஒருத்தி வாயிலிருந்து எடுத்து மற்றவள் வாயில் கொடுப்பாள். அப்படிக் கடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. வேண்டாம் என்றால் அதைவிட அவமானம் இல்லை. நாகம்மாள் நீட்டிய கயிற்றை நாயகியும் கடித்தாள். அந்த மாதமே காய்ச்சல் கண்டு, உதட்டோரம் கொப்புளித்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

மறதிக்கு ஏரியின் கெட்ட காற்றுதான் காரணம் என்றார் கோட்டை வைத்தியர். அப்படியானால் கயிறு கடிக்காமல் படகில் போய் வலை வீசுகிறவர்களும் மறக்க வேண்டுமே என்றாள் நாயகி. அவர் யோசித்துவிட்டு, கேள்வி நியாயம்தான் என்று தன் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கயிற்றில் ஒட்டிய எச்சிலை அதில் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. இல்லாததல்ல, இந்தக் கண்ணாடிக்கு எட்டாத பொடிசு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு இறால்கள்தான் அவளுக்குத் துணை. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தேடிப்போய், இளவயதில் யாரோடு பறி கடித்தார்கள், உதடு கொப்புளித்ததா என்று விசாரித்தாள். கறுத்த தலையோடு தொடங்கிய வேலை நரைத்தபிறகுதான் முடிந்தது. அவள் கண்டது இதுதான்: கயிற்றில் தொற்றும் காய்ச்சல் போவதே இல்லை. தலைக்குள் போய்ப் படுத்துத் தூங்கி, வயதானபின் எழுந்து ஒவ்வொரு சொல்லாகத் தின்கிறது. சிலருக்குள் மட்டும் அது எழுவதே இல்லை. ஏன் என்று கேட்டால், தெரியவில்லை என்று கூசாமல் சொல்வாள்.

தானும் அந்தக் கயிற்றைக் கடித்தவள்தான் என்பது அன்றைக்கே அவளுக்கு உறைத்தது. இருந்தும் வழக்கம்போல் சோறு தின்றுவிட்டு, தனக்கு மிச்சமிருக்கும் சொற்கள் தீர்வதற்குள் ஊரைத் திருத்தப் புறப்பட்டாள். அந்த நெஞ்சுரத்தை இன்று நினைத்தாலும் கை கூப்பத் தோன்றுகிறது. ஆளுக்கொரு பறி, ஆளுக்கொரு பறி என்று குடிசை குடிசையாகச் சொன்னாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாகம்மாளுக்கே தாங்கவில்லை.

"ஒரே பறியக் கடிச்சவங்க நாம. இப்ப அத்த வாணாம்னா நான் இன்னா உனுக்கு?"

"ஒரு நாள் உன் மூஞ்சியப் பாத்து, நீ யாருன்னு நான் கேப்பேன் நாகம்மா. உன் பேத்தி அப்படிக் கேக்கக் கூடாது."

நாகம்மாள் அழுதாள். மறுநாள் பேத்திக்குத் தனிப்பறி முடைந்து கொடுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு நாயகிக்கு மூலிகைகள் மறந்தன, தகப்பனார் பெயர் மறந்தது. ஒரு காலையில் நாகம்மாள் தூக்கிய இறால் நாயகியின் குரலில் "நாகம்மா" என்றது. நாகம்மாளை மட்டும் காய்ச்சல் கடைசிவரை எழுந்து தின்னவில்லை. அதனால் அவள் எல்லாம் தெரிந்தே தண்ணீரில் நின்று அழ வேண்டியிருந்தது. நாயகியிடமிருந்து கடைசியாகப் போனது அந்த ஒரு வாக்கியம். வாழ்நாளெல்லாம் அதைச் சொன்னவள் என்பதால் ஓர் இறால் போதவில்லை, ஏரி இறால் அத்தனைக்கும் போயிற்று. எந்தப் பெண் எதைத் தூக்கினாலும் "ஆளுக்கொரு பறி" என்றது. வாரம் முடிவதற்குள் தனிப்பறி முடையக் கரையில் பனையோலை கிடைக்கவில்லை.

நாயகி போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று, கோட்டையும் இடிந்தாயிற்று. ஏரிக்கரையில் இப்போது எந்தக் குழந்தையும் தன் பாட்டியிடம் நான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இறால்கள் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வாயில் கயிறு இருப்பதால் பெண்கள் பதில் சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டு, அவரவர் பறியில் போட்டுக்கொள்கிறார்கள்.