பாரம் தாங்கிய பனிக்கட்டி

மே மாத வெயிலில் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸே கொதித்தது. எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர் மாணிக்கவாசகம் காலையில் இறந்துபோனார். ஐஸ் பாளங்களின் மேல் கிடத்தியிருந்தோம். மகன் மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

புழுக்கம் தாங்காமல் ஃபேன் போட எழுந்தேன்.

“போடாதீங்க தம்பி. அவருக்கு ஃபேன் காத்து ஆகாது” என்றார் அவர் மனைவி அம்சவேணி.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு ஆகாது என்றுதான் அம்சவேணி அக்கா மந்திர் மார்க் பள்ளியில் பார்த்த டீச்சர் வேலையையும் விட்டார். இன்னுமா?

அக்கா ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாரம் ஏத்தி வச்சா ஐஸுக்குள்ள இருக்கிற படிகமெல்லாம் மெல்ல மெல்ல ஒரே பக்கமா திரும்பிடும்னு சொல்வாரே. இதுவும் திரும்புமா?”

இமயமலைப் பனிக்கட்டியை அறுத்து அறுத்து நாங்கள் பதினேழு வருஷம் பார்த்த வேலை அது.

“அதுக்கு ரொம்ப வருஷம் ஆகும்க்கா. இது அதுக்குள்ள உருகிடும்.”

“எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, போடாமலே வந்து உட்கார்ந்துகொண்டார்.