பாலத்துக்கு மேலே, பாலத்துக்குக் கீழே

விவாகரத்தின்போது லவெர்னுக்கும் ராய்ஸுக்கும் வீடு வாசலைப் பிரிப்பதில் தகராறு வரவில்லை. வீடு அவளுக்கு, டிரக்கும் நாயும் அவனுக்கு என்று ஒரே பேச்சில் முடிந்துவிட்டது. தகராறு வந்தது ஆற்றில்தான். டாக்வுட் அணைக்குக் கீழே ஓடும் க்ரேன் ஆற்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் இறங்கி நின்று ட்ரவுட் மீன் பிடித்தவர்கள். ‘இனி அந்த ஆள் மூஞ்சியில் விழிக்காமல் நான் எப்படி மீன் பிடிப்பது?’ என்று லவெர்ன் வக்கீலிடம் கேட்டாள். வக்கீல் அதை நீதிபதியிடம் சொல்ல, அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஆறு ஆர்கன்சா மாநிலத்துக்குச் சொந்தம். அதைப் பாகம் பிரிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. வெளிய போய்ப் பெரிய மனுஷங்க மாதிரி பேசிக்கோங்க” என்றாள்.

வெளியே கார்கள் நிற்குமிடத்தில் பேசினார்கள். பெரிய மனுஷர்கள் மாதிரி இல்லை. ஆனாலும் முடிவு ஒன்று பிறந்தது. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு மேலே, அணை வரைக்கும் ராய்ஸ். பாலத்துக்குக் கீழே லவெர்ன். ஒன்பது வருஷமாக அந்த எல்லையை இருவருமே தாண்டவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி அது. அவர்களுடைய மகள் டானெட் தன் கல்யாணத்தில் அப்பாவைத் தேவாலயத்தின் ஒரு கோடியிலும் அம்மாவை மறு கோடியிலும் உட்காரவைத்துவிட்டு, “நடுவுல பாலம் மட்டுந்தான் இல்ல” என்று சிரித்தாள்.

ஆகஸ்டு மாதம். கரையில் நின்றால் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரில் இறங்கினால் பல் கிட்டித்தது. அணை, ஏரியின் அடிமட்டத்துத் தண்ணீரைத்தான் வெளியே விடும். வருஷம் முழுக்க ஒரே குளிர். ட்ரவுட்டுக்கு அதுதான் சொர்க்கம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற லவெர்னுக்குப் பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. காலையில் அணையின் தகவல் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டாள். சாயங்காலம்வரை தண்ணீர் திறக்கப்போவதில்லை என்றது பதிவுக் குரல். ‘முன்னறிவிப்பில்லாமல் இது மாறக்கூடும்’ என்று அந்தக் குரல் கடைசியில் சொல்லும். அதற்குள் எல்லாரும் போனை வைத்துவிடுவார்கள். லவெர்னும் வைத்துவிட்டாள்.

மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாலத்துக்குச் சற்றுக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தூண்டில் நரம்பின் நுனியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய செயற்கைப் பூச்சி. அவளே முந்தின நாள் சாம்பல் நிற நூலில் கட்டியது. மூன்றாவது வீச்சில், ஓட்டத்தோடு போன மிதப்பு சட்டென்று நின்றது. மூழ்கவில்லை, சும்மா நின்றது. கோலைத் தூக்கினாள். ஆற்றின் அடிக்கல்லே அசைந்ததுபோல் கனத்தது.

பிறகு அந்தக் கல் ஓட ஆரம்பித்தது.

ஒரு தடவை திரும்பியபோது மீனின் விலா தெரிந்தது. வெண்ணெய் மஞ்சளில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். பழுப்பு ட்ரவுட், அவள் முழங்கையிலிருந்து விரல் நுனியையும் மிஞ்சிய நீளம். “அடி ஆத்தீ!” என்றாள் லவெர்ன் தனக்குத்தானே. நரம்போ தலைமுடியைப் போல மெல்லிசு. இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும். மீன் போகிற வழியில் பின்னாலேயே போவதைத் தவிர வேறு வழி இல்லை. அது போன வழி ஓட்டத்தை எதிர்த்து மேலே, நேராகப் பாலத்துக்கு.

பாலத்தின் நிழலுக்குள் நுழையும்போது ஒரு கணம் நின்றாள். ரீல் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தமா, மீனா? கோலை உயரத் தூக்கிக்கொண்டு, தூணைக் கையால் தடவியபடியே பாலத்தைக் கடந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் ஆற்றின் நடுவே ஒரு கூழாங்கல் திட்டு, அதற்கும் கரைக்கும் இடையே ஒரு கால்வாய். மேல்கோடியில் ஒரு பெரிய சிக்கமூர் மரம், அதன் காலடியில் பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து போட்ட கட்டைகள். திட்டின் கீழ்முனையில் கணுக்கால் தண்ணீரில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றான். 

“வழி தவறி வந்துட்டியா லவெர்ன்? இது யாரோட தண்ணின்னு ஞாபகம் இருக்கா?”

“மீன் கிட்ட சொல்லு. அதுதான் என்னை இழுத்துட்டு வந்துச்சு.”

“என் பக்கம் வந்த மீன் என் மீன்.”

“வாயை மூடிட்டு உன் பக்கத்துல மிதக்கிற கட்டையை நகர்த்து. நரம்பு மாட்டிக்கப் போவுது!”

ராய்ஸ் கட்டையை நகர்த்தினான். மீனைப் பார்த்தான். அத்தோடு கிண்டல் நின்றுவிட்டது. “அம்மாடி” என்றான் மெதுவாக. “இதை நான் மே மாசத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்.”

அப்போதுதான் அணையின் சங்கு ஊதியது. இரண்டு மைல் மேலே ஊதுகிற சங்கு, மலைகளில் பட்டுப் பட்டு மெலிந்து வந்தது. எங்கோ ஊர்களில் எல்லாரும் ஏசியை முடுக்கியிருக்க வேண்டும், மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறக்கிறார்கள். தண்ணீர் இங்கே வந்து சேர அரைமணி நேரம் பிடிக்கும். அதற்குள் கரையேறிவிட்டால் சரி.

“அறுத்து விடு லவெர்ன். போயிடலாம்.”

“உன் நாக்கை வேணா அறுக்கறேன்.”

“விளையாடாத. கால்வாய்ல இப்பவே இடுப்புக்கு மேல தண்ணி.”

“நீ போ ராய்ஸ். எனக்குத் தெரியும் எப்ப போகணும்னு.”

அவன் போகவில்லை. நீளக் கைப்பிடி வைத்த வலையை முதுகிலிருந்து எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கீழே, மீனின் கண்ணில் படாத இடத்தில் போய்க் குனிந்து நின்றான். மீன் மூன்று தடவை கிட்டே வந்தது, மூன்று தடவை ஓடியது. லவெர்னின் தோள்பட்டை கடுத்தது. நான்காவது தடவை அது பக்கவாட்டில் சாய, ராய்ஸ் வலையை அவசரப்படாமல் அடியில் கொடுத்துத் தூக்கினான். வால் வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

லவெர்ன் அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தாள். பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விடுவதுதான் அவள் வழக்கம்; அதைத் தண்ணீரிலிருந்து முழுக்க வெளியே எடுக்கவில்லை. வயிற்றுக்கடியில் ஒரு கை, வாலருகே ஒரு கை கொடுத்து, ஓட்டத்தை எதிர்த்துப் பிடித்துக்கொண்டாள். களைத்துப்போயிருந்தது மீன். செவுள் மெல்லத் திறந்து மூடியது. இப்போது விட்டால் மல்லாந்து செத்துப்போகும்.

இலைகளும் சருகும் மிதந்து வர ஆரம்பித்தன. ஆற்றின் சத்தமும் மாறியது.

“தண்ணி வந்துடுச்சு” என்றான் ராய்ஸ்.

“இன்னும் கொஞ்சம்.”

அவன் அவளுடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் தொடைக்கு ஏறியபோது, மீன் அவள் கைக்குள் ஒருதரம் திமிறியது. வாலால் முகத்தில் தண்ணீரை வாரியடித்துவிட்டு ஆழத்துக்குள் போய்விட்டது. லவெர்ன் குழந்தையைப் போலச் சிரித்தாள். சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கரைக்கும் திட்டுக்கும் நடுவே இருந்த கால்வாய், பழுப்பு நுரையோடு இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் இறங்குவது நடக்கிற காரியமில்லை.

இருவரும் திட்டின் மேட்டுக்கு ஏறினார்கள். லவெர்னின் போன் அவளுடைய காரில். ராய்ஸின் போன் சட்டைப்பையில் தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. அவன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூழ்கியது. இன்னொன்றை மேலே நட்டான். அதுவும் போயிற்று. லவெர்ன் சிக்கமூர் மரத்தின் முதல் கிளை எவ்வளவு உயரம் என்று கண்ணால் அளந்து பார்த்தாள்.

“என்ன, குரங்கு மாதிரி ஏறப்போறியா?”

“உன் தோள்ல ஏறி நிப்பேன்.”

“அதுலேர்ந்து ஒன்பது வருஷம் முன்னாடியே நீ இறங்கிட்டன்னு நினைச்சேன்.”

மூன்றாவது குச்சியின் பாதியில் தண்ணீர் நின்றது. இருவரும் அதையே வெகுநேரம் பார்த்தார்கள். அதற்குமேல் ஏறவில்லை. ராய்ஸ் நீளமாக மூச்சு விட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்தான். அவனும் பயந்துதான் இருந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்ணீரிலிருந்து எழுந்த குளிர்ப்புகை திட்டை மூடியது. ஆகஸ்டு மதியத்தில் இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவனிடம் மயோனைஸ் தடவிய தக்காளி சாண்ட்விச் ஒன்று இருந்தது. அவளிடம் பீச் பழம் வைத்துப் பொரித்த பணியாரம் ஒன்று. இரண்டையும் பாதி பாதியாக்கினார்கள்.

“நீ போயிருக்கலாமே. உனக்கு நேரம் இருந்துச்சு” என்றாள்.

“இருந்துச்சு” என்றான். தாடியில் ஒட்டிய தக்காளி விதையைத் துடைத்தான். “ஏன் லவெர்ன், எனக்கு இன்னும் புரியல. நான் குடிச்சேனா, அடிச்சேனா? எதுக்கு என்னை விட்டுட்டுப் போன?”

 இந்தக் கேள்வியை அவன் கேட்டதே இல்லை. வக்கீல் கேட்டிருக்கிறார், மகள் கேட்டிருக்கிறாள், பாதிரியார் கேட்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லிச் சமாளித்திருந்தாள்.

“எந்த மடுவுக்குப் போனாலும் நீதான் முதல்ல இறங்குவ” என்றாள். “இருபத்தாறு வருஷம், நீ கலக்கிட்டுப் போன தண்ணியிலதான் நான் தூண்டில் போட்டேன். ஆத்துல மட்டும்னு நினைக்காத. எந்த வீடு வாங்கறது, டானெட் எங்க படிக்கிறது, எல்லாத்துலயும் நீ இறங்கி ஒரு சுத்து சுத்திட்டு வந்து, ‘இப்ப நீ போடு’ன்னு சொல்லுவ. மீனெல்லாம் அப்பவே ஓடிப்போயிருக்கும்.”

“நீ ஒருநாளும் சொல்லலையே.”

“சொன்னேன். நீ முன்னாடி போயிட்டிருந்த. தண்ணிச் சத்தத்துல கேக்கல.”

ராய்ஸ் கோபித்துக்கொண்டானோ என்று பார்த்தாள். இல்லை. யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்கும்போது அவன் கீழுதட்டைத் தள்ளுவதை அவள் மறந்தே போயிருந்தாள்.

திட்டின் கீழ்ப்புறம், ஓட்டத்தின் மறைவில், தண்ணீர் சுழன்று தேங்கியிருந்தது. புதுத் தண்ணீர் கரையை அரித்துப் புழுவும் பூச்சியும் கொண்டுவந்திருக்க வேண்டும். அங்கே ஒரு மூக்கு தெரிந்து மறைந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுழல் முழுக்க வானவில் ட்ரவுட்டுகள் புரள ஆரம்பித்தன.

ராய்ஸின் கை தானாகக் கோலுக்குப் போயிற்று. எழுந்தும் விட்டான். இரண்டு அடி வைத்தவன் நின்று, திரும்பி வந்து, கோலை மரத்தில் சாய்த்துவிட்டு மறுபடியும் கட்டையில் உட்கார்ந்தான்.

“நீ போடு” என்றான்.

லவெர்ன் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்துபோனாள். யாரும் இறங்கிக் கலக்காத தண்ணீர். முதல் வீச்சிலேயே ஒன்று, இரண்டு வீச்சு விட்டு இன்னொன்று. பெரிய மீன்கள் இல்லை, ஆனால் வெள்ளியாய்த் துள்ளின. முதுகுக்குப் பின்னால் கட்டை கிறீச்சிடுவது கேட்டது. அவனால் சும்மா உட்காரவும் முடியவில்லை.

“கொஞ்சம் இடது பக்கம் போட்டா…”

“ராய்ஸ்!”

“சரி, சரி. பேசல.”

“பேசினா உன்னைத் தள்ளி விட்டுடுவேன்.”

“அந்த வேரு பக்கத்துல ஒண்ணு இருக்கு. அதை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கறேன்.”

வேர் பக்கத்தில் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் பிடித்து விட்டபிறகு, “வா, வந்து போடு. செத்துத் தொலையப்போற அங்க உக்காந்து” என்று இடம் விட்டு நின்றாள். சாயும் வெயிலில் இருவரும் மாறி மாறிப் போட்டார்கள். 

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. ஒருவர் பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, கால்களை உரசி உரசிக் கால்வாயைக் கடந்தார்கள். கரையேறியதும் பெல்ட்டை விட்டார்கள்.

“செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்ல” என்றான் ராய்ஸ், பூட்ஸிலிருந்த மணலை உதறுவதுபோல. “மேல, அணைக்குக் கிட்ட நல்ல மடு ஒண்ணு இருக்கு. நீ முதல்ல இறங்கு.”

“கல்யாணம் கில்யாணம்னு ஆரம்பிச்சின்னா கல்லைத் தூக்கிப் போட்டுடுவேன்.”

“மீன் பிடிக்கத்தான்டி கூப்பிடறேன்.”

“அப்ப வரேன்.”

இருவருக்கும் பசி. நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஈரக் காலுறையோடு உட்கார்ந்து, பொரித்த கெளுத்தியும் சோளமாவு உருண்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். பரிமாறுகிற பெண் ரமோனா இருவரையும் ஒரே மேசையில் பார்த்துத் தேநீர்க் குவளையைக் கவிழ்க்கப் பார்த்தாள்.

“இவ இன்னிக்கு ஒரு மீன் பிடிச்சா பாரு” என்று ராய்ஸ் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான்.

“அவ்வளவு இல்ல” என்றாள் லவெர்ன்.

“வலைக்கு வெளிய வால் நீட்டிட்டிருந்துச்சு. நீ தலைப்பக்கம் நின்ன. உனக்கு என்ன தெரியும்?”

லவெர்ன் யோசித்துப் பார்த்தாள். பிறகு, அவன் கைகளை எட்டிப் பிடித்து இன்னும் இரண்டு விரல்கடை அகட்டி வைத்தாள்.