ஏழாவது எபிசோடில் ஒரு ‘லே’

“மெஷினை நிறுத்து, இசக்கிமணி.”

வித்யாலட்சுமி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டைக்கூடச் சரியாகப் போடவில்லை. குற்றாலத்திலிருந்து தென்காசி வரை சாரலில் வந்ததில் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். துடைக்காமலேயே அச்சகத்துக்குள் நுழைந்தாள்.

இசக்கிமணி பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தான். “இன்னும் ஓட்டவே இல்ல மேடம். எதை நிறுத்த?”

“ஓட்டாத. அதைத்தான் சொல்லுதேன். பதினொண்ணாம் பக்கம் ஓடக்கூடாது.”

“அண்ணாச்சி நாலு மணிக்கு ஓட்டச் சொல்லிருக்காங்க.”

சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது. இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் வெட்டப்பட்ட பத்தி திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் பக்கத்திலிருந்து அவள் பெயர் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

வித்யாலட்சுமிக்குக் குற்றாலத்தில் மருந்துக் கடை. ஆனால் ஊருக்கு அவளைத் தெரிந்தது மருந்தால் அல்ல. ஒன்பது வருஷமாக ‘சாரல் மடல்’ வார இதழில் ‘பார்க்கலாமா?’ பகுதியை எழுதுகிறவள் அவள்தான். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர்கள் மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கும்போது, “இந்த வாரம் எதைப் பாக்கலாம் மேடம்?” என்பார்கள். மாத்திரையைப் போலவே அதையும் நம்பி வாங்கிப் போவார்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. எவருக்கும் அவள் சலுகை காட்டியதில்லை. தொள்ளாயிரம் எபிசோடு தாண்டியும் மாமியார் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுகிற மெகா தொடரை, “அந்த எண்ணெயில் ஊருக்கே வடை சுட்டிருக்கலாம்” என்று எழுதினாள். போலீஸ் தொடர்களில் எல்லா இன்ஸ்பெக்டர்களும் மனைவியைப் பிரிந்து, தாடி வளர்த்து, சுவரில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “நூல் விற்பவனைத்தான் முதலில் கைது செய்ய வேண்டும்” என்றாள். நல்லதை நல்லது என்றும் சொன்னாள். செங்கோட்டை ரயிலில் தினமும் போய்வரும் நான்கு பெண்களைப் பற்றி வந்த சின்னத் தொடரை, “சமையலைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பாருங்கள்” என்று எழுதியதற்குப் பண்பொழியிலிருந்து ஒரு கணவர் போனில் சண்டைக்கு வந்தார்.

இந்த வாரம் ‘தடை நாள்’. எட்டு எபிசோடு. கதையே குற்றாலத்தில். வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்ட நாளில் ஒரு பெண் காணாமல் போகிறாள். ஊரே கொண்டாடியது. அவளும் ‘பார்க்கலாம்’ என்றுதான் எழுதியிருந்தாள், கடைசிப் பத்தியைத் தவிர.

அந்தப் பத்திதான் இப்போது இல்லை. பக்கத்தை வடிவமைக்கும் ஜெயபிரியா வழக்கம்போல அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பத்தி இருந்த இடத்தில் ஐந்தருவி படம். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளறையில் ஆசிரியர் காந்திமதிநாதன் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அதைக் கவிழ்த்து வைத்தார்.

“நனைஞ்சிருக்க. ஃபேனைப் போடச் சொல்லட்டா?”

“ஃபேன் வேண்டாம் அண்ணாச்சி. என் பத்தி வேணும்.”

“இடம் பத்தல.”

“அருவிக்கு மட்டும் இடம் பத்துதோ? இங்கன உள்ளவன் எவன் அருவியைப் படத்துல பாக்கப் போறான்?”

அவள் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அந்தப் பத்தியை அவர் முகத்துக்கு நேராக வாசித்தாள்.

“‘ஏழாவது எபிசோடில் ஊரைவிட்டுக் கிளம்பும் மகளிடம் அப்பா சொல்கிறார்: ஏலே, பஸ்ஸுக்கு நேரமிருக்கு, ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே. இங்கே ஆணைத்தான் ஏலே என்போம். பெண்ணென்றால் ஏட்டி. இதுகூடத் தெரியாமல், சொக்கம்மாள் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு வசனம் எழுதியிருக்கும் ஆள், குற்றாலத்தில் ரெண்டு நாள் ரூம் போட்டு நம் பேச்சைக் கற்றுக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.’ இதுல எது பொய்?”

“பொய்யுன்னு நான் சொன்னேனா?”

“அப்ப ஏன் வெட்டுனீங்க? நம்ம பேச்சுன்னா எல்லாவனுக்கும் இளக்காரமா போச்சு. வாக்கியத்துக்கு வாக்கியம் லேயைத் தூவிவிட்டா தென்காசியாம். சீரகம் தூவுத மாதிரி. நாமளும் ஊர் பேரு வந்துட்டுன்னு கை தட்டணும், என்ன?”

“அந்த ஒரு இடம் தப்பில்ல, வித்யா.”

அவள் அப்படியே திரும்பிக் கதவைத் திறந்தாள்.

“இசக்கிமணி, உனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக. லேன்னு கூப்பிடுவியா?”

“கூப்பிட்டா எம் பொண்டாட்டி சோத்துல கை வைக்க விடமாட்டா மேடம்.”

மூலையில் தாள் மடித்துக்கொண்டிருந்த முருகம்மாள் கேட்காமலேயே சாட்சி சொன்னாள். “எங்கப்பன் என்னை மூதின்னு கூப்பிடும். சவமேன்னு கூப்பிடும். லேன்னு கூப்பிட்டதில்ல.”

“கேட்டீங்களா? மூதிகூட உண்டு. லே கிடையாது.”

காந்திமதிநாதன் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். சாத்திய கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்கவில்லை.

“நீயே அந்தத் தொடரைப் பாராட்டித்தானே எழுதிருக்க. தடைன்னு அறிவிச்சதும், உடம்பு பூரா எண்ணெயத் தேய்ச்சுக்கிட்டு நிக்கவன் போலீஸ்காரர்ட்ட குழாய் எங்கன இருக்குன்னு கேக்குதான். அதை வெளியூர்க்காரன் எழுத முடியாதுன்னு முதல் பத்தில சொல்லுத. கடைசிப் பத்தில வெளியூர்க்காரன்னு சொல்லுத. எது சரி?”

 அந்த முரண் அவளையும் உறுத்தியிருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை.

“யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதை விடுங்க. சீரியல், சீரிஸ் எதையும் பாக்க மாட்டேம்பீங்களே, உங்களுக்கு எப்படி அது தப்பில்லன்னு தெரியும்?”

“பாத்தேன்.”

“எத்தன எபிசோடு?”

“ஏழாவது மட்டும்.”

“ஏழாவதை மட்டும் யாராவது பாப்பாங்களா?”

கவிழ்ந்து கிடந்த செல்போனை எட்டி எடுத்துத் திருப்பினாள். அவர் தடுக்கவில்லை. திரையில் ‘தடை நாள்’ உறைந்து நின்றது. வாசற்படி, கையில் தட்டோடு ஒரு அப்பா, பையோடு ஒரு மகள்.  அந்த வசனம் வருகிற இடம்.

“எம் பத்தியைப் படிச்சுட்டுத்தான் இதைத் தேடிப் பாத்தீங்களா?”

“ஆமா. காலைலேருந்து இதே இடத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. “தயாரிப்பாளர் பேசினாரா? விளம்பரம் தாரேன்னாங்களா?”

“ஒம்போது வருஷத்துல நான் எதுக்காவது ஒன் எழுத்துல கை வச்சிருக்கேனா?”

வைத்ததில்லை. அதனால்தான் வலித்தது. ஒரு ஜவுளிக் கடைக்காரர் தன் பேரன் நடித்த தொடரை அவள் திட்டியதற்காக விளம்பரத்தை நிறுத்தியபோதுகூட, “போனாப் போகட்டும்” என்று சொன்ன மனுஷர். தனியாள். பிள்ளை குட்டி பற்றி ஒருநாளும் பேச்செடுத்ததில்லை. சுவரில் மாலையோடு மனைவியின் படம் மட்டும்.

வெளியே மெஷின் ஒரு தடவை உறுமி அடங்கியது. “அண்ணாச்சி, நாலாகப் போவுது” என்றான் இசக்கிமணி.

“ஓட்டாத” என்றாள் வித்யாலட்சுமி, கதவைப் பார்த்து. பிறகு அவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு ஒருத்தர் கடைக்கு வந்து, உங்களுக்கு லேக்கும் ஏட்டிக்கும் வித்தியாசம் தெரியலயா மேடம், எப்படி விட்டீங்கன்னு கேப்பார். நான் என்ன பதில் சொல்ல? ஒண்ணு பத்தியைப் போடுங்க. இல்ல எம் பேரை எடுங்க. இல்லைன்னா ஏன் வெட்டுனீங்கன்னு ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு.”

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். செல்போனை வாங்கி, சட்டை நுனியால் திரையைத் துடைத்தார்.

“புனைபெயர்னு எழுதிருக்க பாரு, அது சரி. சொக்கம்மாள்ங்கது எழுதினவ பேரு இல்ல.”

“அவளா? பொம்பளையா எழுதினது?”

அவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். “அவ பேருதான் சொக்கம்மாள்.”

வித்யாலட்சுமி கையிலிருந்த தாளை மடித்தாள்.

“ஊர்ல ஒருத்தரும் பொட்டப்பிள்ளையை லேன்னு கூப்பிட மாட்டாங்க. நான் கூப்பிட்டேன். பிறந்ததுலேருந்து. தாயில்லாப் பிள்ளைக்கு அது செல்லம்” என்றார் காந்திமதிநாதன். “பத்து வருஷத்துக்கு முன்னால, பிள்ளை சினிமாவுக்கு எழுதப் போறேன்னு நின்னா. போனா திரும்பி வராதன்னேன். பையைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. அப்புறம் மனசு கேக்கல. தட்டோட பின்னாலேயே போய், ‘ஏலே, பஸ்ஸுக்கு நேரமிருக்கு, ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே’ன்னேன். அவ திரும்பல. காதுல விழலைன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் விரல் திரையைத் தொட்டது. உறைந்திருந்த அப்பா மறுபடியும் பேசினார்.

“இதை நான் சொன்னப்ப வீட்ல ரெண்டே பேருதான், வித்யா. நானும், எம் மக மீனாவும்.”