நாய்க்கு இஸ்திரி போடுற கடை

மூணு நாளா அவளுக்குத் தூக்கமே இல்ல. பதினாறு வயசுல, ஒரே விரலால மொத்தக் குடும்பத்தையும் நாட்டை விட்டே கிளப்புற வேலை பண்ணி வச்சிருக்கா.

அப்பா சொந்த வீட்டை வித்து இங்க வந்து ஒரு லாண்டரி வச்சார். முதலீட்டாளர் விசா. விண்ணப்பத்துல போட்ட தொழில் நடக்குற வரைக்கும்தான் இங்க இருக்க விடுவாங்க. அதைப் புதுப்பிக்கிற ஃபாரத்தை நிரப்பினது அவதான். தோழியோட சாட் பண்ணிக்கிட்டே தொழில் பட்டியல்ல தட்டினா. விரல் ஒரு வரி கீழ போயிடுச்சு. ‘செல்லப் பிராணிகள் அழகு நிலையம்.’

இன்னிக்குப் பத்து மணிக்கு, அந்தத் தொழில் நடக்குதான்னு பார்க்க விசா ஆய்வு அதிகாரி வர்றார்.

எட்டரைக்கு மாமாகிட்ட சொல்லி அழுதா. அம்மாவோட தம்பி, கடையில இஸ்திரி போடுறவர். அவர் சிரிச்ச சிரிப்புல ஒரு சட்டை கருகிடுச்சு. அப்புறம்தான் உறைச்சது.

“அடிப்பாவி, அப்ப நானும் மூட்டை கட்டணுமா?”

“அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. கொன்னே போட்டுடுவார்.”

“சொல்லல. இரு, ஒரு நாய் புடிச்சுட்டு வரேன்.”

மாமா மூளை அப்படித்தான் ஓடும். பக்கத்து சலூன்காரர் நாயைத் தூக்கிட்டு வந்து, துணி ஊறப் போடுற தொட்டியில உக்கார வச்சு, ஷாம்பூ போட்டார். அவளை விட அது ஜாஸ்தியா நடுங்குச்சு.

பத்துக்கு டாண்ணு அதிகாரி வந்துட்டார். முன்னாடி கல்லாவுல இருந்த அப்பா, பின்னாடி திரும்பிக்கூடப் பார்க்காம வாசலுக்கு ஓடினார். அப்பா தோளுக்கு மேல எட்டி, அதிகாரி நாயைப் பார்த்து ஒரு டிக் அடிச்சார். அவளுக்கு அப்பத்தான் மூச்சே வந்தது.

“வேலை எப்படி நடக்குது, சொல்லுங்க.”

அப்பா நெஞ்சை நிமித்தினார். “வந்ததும் எடை போடுவோம் சார். அழுக்கு ஜாஸ்தின்னா விடிய விடிய ஊறட்டும்னு விட்டுடுவோம். அப்புறம் மெஷின்ல நாப்பது நிமிஷம்.”

அதிகாரி பேனா நின்னுடுச்சு. “மெஷின்லயா?”

“பன்னெண்டு ஒண்ணா போகும் சார்! அடுத்து சூடான டிரையர். அப்புறம் நம்ம மாப்ள தட்டையா தேய்ச்சு, நாலா மடிச்சு, அலமாரில அடுக்கிடுவார்.”

அதிகாரி முகம் வெளுத்துப்போய் ஃபோனை எடுத்தார்.

போலீஸுக்குத்தான்! அவளுக்குத் தாங்கல.

“சார், அதெல்லாம் துணி சார்! இது லாண்டரி! நான்தான் தப்பா தட்டிட்டேன். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த நாய் கூட இரவல்!”

அப்பா மெதுவா திரும்பினார். “மாப்ள, என்ன இது?”

“நாய், மச்சான்.”

நாய் ஒரு சிலுப்பு சிலுப்பிச்சு. நுரை பூரா அதிகாரி மூஞ்சியில. அவர் ஸ்டூல்ல தொப்புன்னு உக்காந்தார். “அப்ப எந்த நாயையும் மடிக்கலையே?” அப்படியே சிரிக்க ஆரம்பிச்சவர், அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

“லாண்டரி ஓடுறதைக் கண்ணால பார்த்துட்டேன். தப்பைத் திருத்த ஒரு ஃபாரம் இருக்கு. இன்னிக்கே போட்டுடுங்க, விசாவுக்கு ஒண்ணும் ஆகாது.” வாசல்ல நின்னு திரும்பினார். “அந்த நாயைக் கையால துவட்டுங்க. டிரையர் வேணாம்.”

சாயங்காலம் கடை டேப்லெட்ல அவ திருத்த ஃபாரத்தை நிரப்ப, அப்பா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்தார். திட்டல. அவ ஃபோன் மட்டும் அவர் பாக்கெட்டுல.

“மச்சான், வேலையாட்கள்ல அந்த நாயையும் சேர்த்துடலாமா?” பின்னாடிலேர்ந்து மாமா.

ஈரத் துண்டு ஒண்ணு பறந்தது. அப்பா அவ மணிக்கட்டைப் புடிச்சு, விரலை ஒரு வரி மேல தூக்கி வச்சார்.

“ம். இப்ப தட்டு.”