இரண்டாவது பெயர்

யாருக்கும் பிடிக்காத வேலை என்னுடையது. மியூச்சுவல் ஃபண்டில் இன்று பணத்தைப் போட்டு, பத்து நாளில் விலை ஏறியதும் உருவிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பிடிப்பது. முப்பது நாளைக்குள் எடுத்தால் இரண்டு சதவீதம் வெட்டு. மூன்று மாதத்தில் இரண்டு தடவை அப்படிச் செய்தால் தொண்ணூறு நாளைக்குப் புதிதாக எதையும் வாங்க முடியாது. ஓடுகிறவர்களால் வரும் செலவு, பேசாமல் இருப்பவர்கள் தலையில் விழக் கூடாது என்றுதான் இந்த விதி. போனில் என்னைத் திட்டாத ஆள் கிடையாது. எனக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறது, நானும் சும்மா விடுவதில்லை.

விதிக்கு ஒரே விலக்கு சாவு. கூட்டுக் கணக்கில் யாராவது ஒருவர் இறந்துவிட்டால் வெட்டும் கிடையாது, தடவைக் கணக்கிலும் சேராது. இறப்புச் சான்றிதழைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அன்று அப்படி ஒன்றில் கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினேன். கணக்கின் முதல் பெயரை எங்கோ பார்த்த ஞாபகம். பழைய கோப்புகளைக் கிளறினேன். ஒரே ஆள், ஆறு கூட்டுக் கணக்கு. முதல் பெயர் எப்போதும் அவர்தான். இரண்டாவது பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர். அந்த ஆறு பேரும் செத்துப்போயிருந்தார்கள். ஒருவர் ஒன்பதாம் நாள், ஒருவர் பதினான்காம் நாள், ஒருவர் இருபத்தேழாம் நாள். முப்பதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. பாதிப் பேருக்கு மாரடைப்பு, ஒருவர் பேருந்தில் அடிபட்டிருந்தார். 

தொழில் என்ற கட்டத்தில் 'சலூன்' என்று போட்டிருந்தது. ஆளை வரச் சொன்னேன்.

ஒல்லியான மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஆறு கோப்புகளையும் அவர் முன்னால் தள்ளினேன்.

"இது எப்படிங்க, சொல்லி வச்ச மாதிரி?"

"நான் யாரையும் ஒண்ணும் பண்ணல மேடம். முடி வெட்டும்போது தெரியும், அவ்வளவுதான். பின்கழுத்துல, முடி முடியுற இடத்துல, ஒரு விரல் அகலத்துக்குத் தோல் நிறம் செத்துப்போயிருக்கும். அப்படி இருந்தா ஒரு மாசம் தாண்டாது. பஸ்ல அடிபட்டாரே, அவருக்கும் இருந்துச்சு."

"அவங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? பணம் நான் போடறேன், பேர் மட்டும் குடுங்க, லாபத்துல பாதி உங்க வீட்டுக்குன்னு கேப்பேன். சரிம்பாங்க. சொன்ன மாதிரியே குடுத்திருக்கேன், விசாரிச்சுப் பாருங்க."

"சாகப் போறவங்களை வச்சு ரெண்டு சதவீதம் மிச்சம் பிடிக்கறீங்க. சோறு எப்படி இறங்குது உங்களுக்கு?"

"பாதி குடுக்கறேன் மேடம்" என்றார், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஆளின் கணக்கைப் பூட்டாமல் விடுவதில்லை என்று அவர் விவரத்தைத் திரையில் திறந்தேன். அங்கே ஏழாவதாக ஒரு கணக்கு இருந்தது. தொடங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது பெயர், என் அண்ணன் பெயர். முகவரியும் அவனுடையதுதான். கையெழுத்தில் அவன் போடும் அந்தக் கோணல் சுழியும் இருந்தது.

"இவர்..." திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இவர் என் அண்ணன்."

சலூன்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கணக்கும் முப்பதைத் தாண்டாது மேடம். அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க." எழுந்து போகும்போது சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அம்மாவின் வீட்டை விற்றதில் வந்த சண்டை. இரண்டு வருடமாக நானும் அண்ணனும் பேசவில்லை. அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அட, மகாராணிக்கு வழி தெரிஞ்சுதா?" என்றான்.

அவனைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எது செத்த நிறம், எது வெயில் பட்ட நிறம் என்று யார் கண்டது.

"என்ன, பேன் பாக்கறியா?"

"வாயை மூடு. எட்டு நாள் இங்கதான் இருப்பேன்."

இருந்தேன். ஆபீஸுக்கு லீவு சொன்னேன். அண்ணன் தனியாள். அவன் குளித்தால் கதவுக்கு வெளியே நின்றேன். பேருந்தில் ஏற விடவில்லை. அவனுடைய சிகரெட் பெட்டிகளைக் குப்பையில் போட்டேன். முனகினானே தவிர, ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம். சிரிக்கும்போதே நான் அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதாம் நாள் முழுக்க அவன் மணிக்கட்டை விடவே இல்லை.

முப்பத்தோராம் நாள் காலையில் அண்ணன் எழுந்து வந்து டீ கேட்டான். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்போதுதான் அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சலூன்காரர் போயிட்டாராம். நேத்து மத்தியானம், அவர் கடை நாற்காலியிலேயே."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"போன மாசம் எனக்கு முடி வெட்டி முடிச்சதும், கைக்கண்ணாடியை எங்கிட்ட குடுத்து அவர் கழுத்துக்குப் பின்னால பிடிக்கச் சொன்னார். முன்னாடி இருக்கற பெரிய கண்ணாடியில பாத்துக்கிட்டார். எனக்கும் காட்டினார், எந்த இடம், என்ன நிறம்னு. அப்புறம்தான் கூட்டா ஒண்ணு போடலாமான்னு கேட்டார். இந்தத் தடவை பாதியை நான் அவர் வீட்டுக்குக் குடுக்கணுமாம்."

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீ கேக்கவே இல்லையே குட்டி. சமாதானம் ஆகத்தான் வந்திருக்கியோன்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் அண்ணன் சான்றிதழோடு என் ஆபீஸுக்கு வந்தான். முப்பது நாள் தாண்டிவிட்டதால் விலக்குகூடத் தேவையில்லை, இறந்தவர் பெயரை எடுக்க மட்டும்தான் சான்றிதழ். இவ்வளவு நிம்மதியாக நான் எந்தச் சான்றிதழையும் பார்த்ததில்லை. மின்விசிறி ஓடவில்லை, புழுக்கம் தாங்கவில்லை. முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தேன். அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒற்றை விரலில் தட்டுகிறாயே, இதற்கா உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வம்பிழுத்தான். பிறகு பேச்சு நின்றது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றேன்.

என் தோளில் கை வைத்தான். 

"குட்டி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு போடலாமா?"

நான் திரும்பவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாவது பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

இன்று பதினோராம் நாள். அண்ணன் என் வீட்டில்தான் இருக்கிறான். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறான். பேருந்தில் ஏற விடமாட்டேன் என்கிறான்.